மூச்சு விடும் சுவர்

பத்தேகால் மணிக்குப் பள்ளி ஆயா கோவிந்தம்மாள் மாடிப்படிக்கு அடியில் தொங்கும் தண்டவாளத் துண்டில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். முப்பத்தெட்டுத் தலைகள் ஒன்றாகக் குனிந்தன. இனி ஒன்றேகால் வரை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, இன்று அறிவியல் தாள். நான் தமிழாசிரியை; என்னிடம் எந்தப் பிள்ளையும் எந்தச் சந்தேகமும் கேட்க முடியாது, அதனால்தான் என்னை இந்த அறையில் போட்டிருக்கிறார்கள். பார்ப்பது எனக்கு நன்றாக வரும் என்று முப்பத்தோரு ஆண்டுகளாக நம்பி வந்திருக்கிறேன். உள்ளங்கையில் எழுதியது, அளவுகோலின் பின்புறத்தில் கீறியது, இருமலில் ஒளித்த விடை எதுவும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. என் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டதுமே “ரெட் இங்க் வருதுடி” என்று கிசுகிசுத்துக்கொண்டு பெண்கள் வகுப்புக்குள் ஓடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். வரும் மே மாதம் ஓய்வு. அதன்பின் யார் ஓடுவார்கள், யாருக்காக ஓடுவார்கள். ஓடுவது என்றதும் ஏதோ நினைவுக்கு வந்தது, வந்த வேகத்திலேயே போயும் விட்டது. ஓடுவதைப் பற்றி அண்மையில் யாரோ ஏதோ சொன்னார்கள். யார்? ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஓர் அணில் ஓடுகிறது, அதில்லை. மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கும் தெபோராவின் கையிலிருந்து பேனா நழுவி விழுகிறது. எடுக்கிறாள். மறுபடியும் நழுவுகிறது. விரல்களை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கிறாள், அவை யாருடையவை என்று கேட்பவளைப் போல.

பேனாவை நானே எடுத்துக் கொடுக்கலாம் என்று அருகே போனேன். பென்சில் பை திறந்திருந்தது, அதற்குள் நான்காக மடித்த ஒரு கைக்குட்டை, அதிலிருந்து அந்த மணம். பெட்ரோல் பங்கில் யாரோ பழுத்த வாழைப்பழத்தை நசுக்கிவிட்டதைப் போன்ற மணம். காலணி ஒட்டும் பசை அது, இந்த ஊரில் எல்லோரும் சொல்யூஷன் என்பார்கள். பாலாற்றங்கரையில் தோல் ஆலைகளாலும் ஷூ கம்பெனிகளாலும் வாழும் ஊர் இது; பாதி வீடுகளில் பெண்கள் கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்தோலை மூட்டையாக வாங்கி வந்து, வீட்டிலேயே பசை தடவி ஒட்டிக் கொடுக்கிறார்கள். தெபோராவின் தாய் ஜெயசீலியும் அப்படித்தான். பிள்ளைகளின் சீருடையில், நோட்டில், சில நேரம் சாப்பாட்டு டப்பாவில்கூட அந்த மணம் ஒட்டிக்கொண்டு வரும். நான் பேனாவைக் கொடுத்துவிட்டு முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் நகர்ந்துவிட்டேன். என் மூக்குக்கு நான் மரியாதை கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. மாயவரத்திலிருந்து வேலை உத்தரவோடு முதல்முறை இந்த ஊருக்குப் பேருந்தில் வந்தபோது, ஊர் எல்லையில் தோல் பதனிடும் வாடை வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த அம்மாள் சிறிது நேரம் என்னையே பார்த்தாள். “துணிய எடுத்துடும்மா, நாங்க இதுலதான் சோறு துன்றோம்” என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள், அதுதான் தாங்கமுடியவில்லை. அன்று கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தவள் இன்றுவரை இந்த ஊரில் மூக்கைப் பொத்தியதில்லை. முப்பத்தோரு ஆண்டுகள். ஒரு புலனை அப்படிப் பழக்கிவிட்டால் அது மெல்ல மெல்ல எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்வது எப்போது உணராமையாக மாறுகிறது என்பது மட்டும் தெரிவதில்லை.

அரை மணிக்கு ஒருமுறை அடிக்கும் மணி பதினொன்றேகாலுக்கும் அடித்துவிட்டது. யாமினி கூடுதல் தாள் கேட்டுக் கையை உயர்த்துகிறாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து வேகமாக எழுதும் பெண், நேராகப் பார்த்துப் பேசுவாள். என்னிடம் மட்டும் ஜூலை மாதத்திலிருந்து அப்படிப் பேசுவதில்லை. தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள், நன்றி சொல்லுகிறாள், கண்ணை மட்டும் மேசையிலேயே வைத்துக்கொள்கிறாள். ஜூலையில் அவள் வகுப்பு நடுவே எழுந்து நின்று, “மிஸ், தெபோரா மேல சொல்யூஷன் நாத்தம் அடிக்குது, எனக்குத் தல சுத்துது, வேற பெஞ்சு குடுங்க” என்றாள். வகுப்பு சிரித்தது. தெபோராவும் சேர்ந்து சிரித்தாள், அது எனக்கு அப்போது உறுத்தியது, இப்போது வேறு விதமாக உறுத்துகிறது. பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் இருபது நிமிடம் பேசினேன். உழைப்பின் மணத்தை நாற்றம் என்று சொல்லும் நாக்கு எத்தகையது என்று பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றுகூட நினைத்தேன். தெபோராவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். யாமினி கேட்டாள். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “நான் அத சொல்லல மிஸ்” என்றாள். போதும், உட்கார் என்றேன். அடுத்த வாரம் ஆசிரியர் அறை வாசலில் தனியாக வந்து நின்று, “மிஸ், ஒரு விஷயம்” என்று தொடங்கியபோதும், பெஞ்சு மாற்றும் விஷயமாக இருந்தால் பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லவில்லை என்றால் எதைச் சொன்னாள்? ஐந்து மாதமாக இந்தக் கேள்வி எனக்குள் இருந்திருக்கவேண்டும், இன்றுதான் வெளியே வருகிறது. மற்ற பிள்ளைகளின் மேலும் அந்த மணம் உண்டு. அந்த வகுப்பிலேயே எட்டுப் பேரின் தாய்மார் வீட்டில் ஒட்டும் வேலை செய்கிறார்கள். யாமினியின் தாயும் அவர்களில் ஒருத்தி. பசை மணத்திலேயே வளர்ந்த பெண்ணுக்குப் பசை மணத்தால் எப்படித் தலை சுற்றும்?

தெபோராவின் மூக்கைச் சுற்றிச் சிவந்திருக்கிறது. மார்கழிக் குளிர், சளியாக இருக்கும். சிவப்பு மேலுதட்டின் ஓரம் வரை வந்து, தோல் லேசாக உரிந்து, மீசை வரைந்ததைப் போல இருக்கிறது. இதைப் பற்றித்தான் அந்த மருத்துவர் சொன்னாள். ஆமாம், அவள்தான், பத்து நாள் முன்பு வந்த பெண், பெயர் மதுவந்தி, படிப்பை முடித்துச் சிறிது காலமே ஆனவள். பள்ளி மருத்துவக் குழுவோடு வந்து பிள்ளைகளுக்குப் பல்லும் கண்ணும் பார்த்தாள். பிறகு ஆசிரியர் அறைக்கு வந்து, உங்களிடம் பத்து நிமிடம் பேசவேண்டும் என்றாள். பாடம் முடிக்கவேண்டிய நெருக்கடியில் பத்து நிமிடத்தை ஐந்தாக்கச் சொன்னார் தலைமையாசிரியை. நான் இரண்டாம் இடைத்தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டே காதை மட்டும் கொடுத்தேன். போதைக் காளான், போதைத் தாள் என்றெல்லாம் நகரத்துப் பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு, இந்த ஊரில் அவையெல்லாம் வேண்டாம், பசை டப்பா ஒன்றே போதும் என்றாள். பெயின்ட் கரைப்பான், வொயிட்னர், பசை, பெட்ரோல். காசு கொடுத்து எங்கும் போய் வாங்கவேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கிறது, அதனால் யாரும் அதைப் போதை என்று நினைப்பதில்லை. அந்த ஆவியை உள்ளே இழுத்தால் அது மூச்சில் உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நரம்பின் மேலுறையைக் கரைக்கும், கைகால் மரத்துப்போகும், படித்தது மறக்கும். ஈரல், சிறுநீரகம், காது எல்லாம் பாழாகும். பதினைந்து வயதில் மூளை இன்னும் கட்டி முடிக்காத வீடு, அதில் நெருப்பு வைப்பதைப் போல என்றாள். ‘மரத்துப்போகும்’ என்ற சொல்லைக் கேட்டு நான் நிமிர்ந்தது நினைவிருக்கிறது. மூன்று விஷயங்களை மறக்காதீர்கள் என்று விரலை மடக்கினாள். முதலாவது, மூச்சிலும் துணியிலும் மணம், மூக்கையும் வாயையும் சுற்றிப் புண். இரண்டாவது, இல்லாதவற்றைப் பார்ப்பார்கள், சுவர் அசையும், தரை உருகும், நிறங்கள் பேசும். வேடிக்கையாகச் சொல்லுவார்கள், நீங்களும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது. மூன்றாவது விரலை மடக்கும்போது ஒரு மாணவியின் தாளில் விடுபட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தின் மேல் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ளி நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாவது விஷயம் நினைவில்லை.

பதினொன்றேமுக்கால் மணியை அடித்தாள் கோவிந்தம்மாள். படிக்கட்டு அறையில் புகுந்து சுற்றி எழும்பும் ஒலி, பழகாதவர்களுக்குத் தலைக்குள்ளேயே அடிப்பதைப் போல இருக்கும். தெபோரா உடம்பு முழுவதும் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தாள்; கை மார்பின் மேல் போயிற்று, அங்கேயே சற்று நின்றது. அருகிலிருந்தவள் சிரித்தாள். தெபோரா சிரிக்கவில்லை, உள்ளே எதையோ கேட்பவளைப் போலத் தலையைச் சாய்த்திருந்தாள். இரண்டாவது விஷயம், சுவர் அசையும். சுவர். இந்தச் சொல்லை நான் இவள் கையெழுத்தில் படித்திருக்கிறேன். அக்டோபரில், எனக்குப் பிடித்த இடம் என்று கட்டுரை எழுதச் சொன்னபோது மற்ற பிள்ளைகள் ஏலகிரியையும் கடற்கரையையும் அம்மாவின் மடியையும் எழுதினார்கள். இவள் எழுதியிருந்தாள்: தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தால் சுவர் மூச்சு விடும். அதற்கு வலிக்காமல் நான் அதன்மேல் கை வைப்பேன். பச்சை நிறம் என் பெயரைச் சொல்லும். அங்கே எனக்குக் கை இருக்காது, கால் இருக்காது, வயிறும் பசிக்காது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று நான் மகிழ்ந்துபோனேன். தன் கண்ணால் பார்த்து. அந்தச் சொற்களையே வகுப்பில் சொன்னேன். பத்துக்கு ஒன்பது கொடுத்தேன், இரண்டு ஒற்றுப் பிழைகளுக்காக ஒன்று குறைத்தேன். ஓரத்தில் ‘சிறந்த கற்பனை வளம், மேலும் எழுதுக’ என்று சிவப்பு மையில் எழுதினேன். மேலும் எழுதுக. வகுப்புக்கு உரக்கப் படித்தும் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள், யாமினி தட்டவில்லை. பொறாமை என்று நினைத்தேன். ஆகஸ்டில் பிழையில்லாமல் ஒப்பித்த செய்யுளை நவம்பரில் இரண்டு வரிக்குமேல் தொடரமுடியாமல் தெபோரா நின்றபோது, புகழ்ச்சி தலைக்கேறிவிட்டது என்று அதையும் நானே சொன்னேன்.

இல்லை, நான் அவசரப்படுகிறேன். ஒரு மணம், ஒரு சளிப்புண், ஒரு கட்டுரை. இவற்றை வைத்துக்கொண்டு பதினைந்து வயதுப் பெண்ணின் மேல் இப்படி ஒரு பழியைச் சுமத்தலாமா? தாயை அழைத்துப் பேசலாம். பெற்றோர் கூட்டத்துக்கு ஜெயசீலி வந்திருந்தாளே, அரை மணி தாமதமாக, மூச்சு வாங்க, புடவைத் தலைப்பெல்லாம் ஈரமாக. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து மூன்று மாடி தூக்கி ஏற்றிவிட்டு வருகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். சிரித்த முகம். பதினாறு ஆண்டுகளாகப் பசை வேலை. “மோப்பமே போயிடுச்சு மிஸ், கொழம்பு தீஞ்சிக்கினு இருந்தாக்கூட இவதான் வந்து சொல்லணும், என் மூக்குக்கு லீவு உட்டாச்சு” என்று மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு சொன்னாள், நானும் சிரித்தேன். கம்பெனி கொடுக்கும் பசை டப்பா இப்போதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது, மூடி சரியில்லை, காற்றில் போய்விடுகிறது என்று வருத்தப்பட்டாள். மூடியின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிவையுங்கள் என்று நான் யோசனை சொன்னேன். என்ன அருமையான யோசனை. மோப்பம் போன தாய். மூக்குக்கு மரியாதை கற்றுக்கொடுத்த ஆசிரியை. இந்த இருவருக்கும் நடுவில் தோள் ஒடுங்கி நின்ற அந்தப் பெண், அன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்டுபிடித்துவிடுவேனோ என்று அஞ்சினாள் என்றுதான் இப்போது முதலில் தோன்றியது. கண்டுபிடித்துவிடமாட்டேனா என்று பார்த்திருக்கலாம்.

“பாத்ரூம் போகணும் மிஸ்.” எதிரே நிற்கிறாள். பன்னிரண்டு ஆகிறது. போ என்று என் தலை அசைந்துவிட்டது. தலைக்கும் பழக்கம் உண்டு, ஒருவர் போனால் அவர் திரும்பியபிறகு இன்னொருவர், ஐந்து நிமிடம், அதுதான் என் விதி. அவள் வாசலைக் கடக்கும்போது தோள் நிலைப்படியில் இடித்தது, அது அவளுக்குத் தெரிந்ததாகவே இல்லை. மூன்றாவது பெஞ்சில் விடைத்தாள் கிடந்தது, கேள்வித்தாள் கிடந்தது, பேனா கிடந்தது. பென்சில் பை மட்டும் இல்லை. விடைத்தாளைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் நேராகத் தொடங்கிய வரிகள் இரண்டாம் பக்கத்தில் சரிந்து, சரிந்து, ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. பாத்ரூமுக்குப் பென்சில் பை எதற்கு? பன்னிரண்டு ஐந்து. நிமிடத்துக்கு ஒருமுறை வாசலைப் பார்க்கிறேன். தெருக்குழாய். மூன்று மாடி தண்ணீர் தூக்குகிறவள் ஜெயசீலி. அவர்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி இல்லை. நான் ஏதோ அவர்கள் வீட்டு மாடி என்றல்லவா அந்தக் கட்டுரையைப் படித்தேன். தொட்டி பாத்ரூமுக்குப் பக்கத்துப் படி ஏறினால் இருக்கிறது, பச்சை வண்ணம் அடித்த சுவரோடு, நம் பள்ளி மாடியில். மழைக்காலத்தில் குழாய் பழுதுபார்க்க உடைத்த கதவுப் பூட்டை இன்னும் மாற்றவில்லை. பன்னிரண்டு ஏழு. எழுந்துவிட்டேன், தொண்டையில் அவள் பெயர் திரண்டுவிட்டது, தாழ்வாரத்தின் கடைசி அறை வரை கேட்கும் அந்தக் குரலில். அப்போதுதான் மூன்றாவது விரல் மடங்கியது.

கத்தாதீர்கள். அதைத்தான் சொன்னாள் மதுவந்தி. மூன்றாவது விஷயம்தான் முக்கியம், நீங்கள் ஆசிரியர்கள், உங்களுக்குக் குரல் முதலில் வரும், அதனால்தான் சொல்கிறேன் என்றாள். அந்த ஆவி உள்ளே இருக்கும் நேரத்தில் இதயம் தன் வசத்தில் இருக்காது. திடீரென்று அச்சப்பட்டாலோ, பிடிபட்டுவிட்டோம் என்று எழுந்து ஓடினாலோ துடிப்பு தாறுமாறாகி அங்கேயே நின்றுவிடலாம். பத்தாவது தடவையாக இருக்கவேண்டும் என்பதில்லை, முதல் தடவையிலேயே நின்ற பிள்ளைகள் உண்டு. பார்த்தால் துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள், கையிலிருந்து பிடுங்காதீர்கள். காற்று வரச் செய்யுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நான் அப்போது சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு எட்டு. பன்னிரண்டேகாலுக்கு மணி. படிக்கட்டுக்கு அடியில் அடிக்கும் மணி, மாடிக் கதவு திறந்திருந்தால் நேராகத் தொட்டிக்கு அடியில்தான் போய் முட்டும். போன ஆண்டு இரண்டு நிமிடம் தாமதமாக அடித்தாள் என்று நான் தலைமையாசிரியையிடம் எழுத்தில் கொடுத்தேன். அன்றிலிருந்து கோவிந்தம்மாள் ஒரு விநாடி பிசகுவதில்லை. தமிழ் மிஸ் வாட்சுக்குத்தான் அடிக்கிறேன், வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லுகிறாளாம்.

முதல் பெஞ்சுக்குப் போய்க் குனிந்தேன். நீ கோவிந்தம்மாளிடம் போய், பன்னிரண்டேகால் மணியை அடிக்கவேண்டாம், என்னைத் திட்டிக்கொண்டே இருக்கட்டும், ஆனால் அடிக்கவேண்டாம் என்று சொல். மணி அடிக்கும் கம்பியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. பிறகு தலைமையாசிரியையிடம் 108-ஐக் கூப்பிடச் சொல் என்றேன். யாமினி பேனாவை மூடினாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் கண்ணைப் பார்த்தாள்.

“மாடியிலயா மிஸ்?”

ஆமாம் என்றேன். அவளுக்கு எல்லாம் தெரியும். ஜூலையிலிருந்தே தெரியும். அவள் குரலில் வெற்றி இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அதில் பயம்தான் இருந்தது.

“அதத்தான் சொன்னேன் மிஸ் நான்.”

தெரிகிறது என்றேன். விடைத்தாள் போனால் போகட்டும், நான் பொறுப்பு என்றேன். படியில் சத்தம் வராமல் போ என்றேன். அவள் குனிந்து காலணிகளைக் கழற்றினாள், அதைப் பார்த்துத்தான் நானும் என் செருப்பைக் கழற்றினேன். முப்பத்தாறு பிள்ளைகளைக் கண்காணிப்பில்லாமல் விட்டுவிட்டு ஒரு தேர்வு அறையிலிருந்து நான் வெளியேறுவது இதுதான் முதல்முறை. பார்த்து எழுதட்டும். வாழ்நாள் முழுவதும் பார்த்து எழுதட்டும்.

படிகள் இருபத்திரண்டு. குளிர்ந்திருக்கின்றன. முழங்கால் வலிக்கிறது, வேகமாக ஏறினால் மூச்சு இரைக்கும், இரைப்புக்கும் சத்தம் உண்டு. ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து ஏறுகிறேன், சிறுபிள்ளை ஏறுவதைப் போல. கீழே கோவிந்தம்மாளின் குரல் உயர்கிறது, யார் சொன்னது, எழுதிக் கொடுக்கச் சொல், என்கிறாள். யாமினியின் குரல் கேட்கவில்லை. பன்னிரண்டு பன்னிரண்டு. எனக்கு முன்னால் என் பெயர் ஏறிப் போகிறது, என் பெயரின் செருப்புச் சத்தம், அதைத்தான் நிறுத்தவேண்டும். ரெட் இங்க் வருகிறாள் என்று தெரிந்த நொடியில் இவள் எழுந்து ஓடுவாள். ஓடுவதற்குத்தானே பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறேன். மாடிச் சுவரோ இடுப்பளவு. மணியா, நானா, எது முதலில் அவளை எட்டும்? ஒருவேளை இரண்டுமே தேவைப்படாமல் முன்பே முடிந்திருக்கலாம். பதினெட்டாவது படி. அந்த எண்ணத்தைத் தள்ளிவைக்கிறேன், அது பத்தொன்பதாவது படியில் உட்கார்ந்திருக்கிறது. வாழைப்பழமும் பெட்ரோலும் கலந்த மணம் இறங்கி வருகிறது. முப்பத்தோரு ஆண்டுகளில் முதல்முறையாக என் மூக்கை அதன் விருப்பத்துக்கு விடுகிறேன். நாற்றம். யாமினி சொன்னது சரியான சொல்.

தொட்டியின் நிழலில் பச்சைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கைக்குட்டை மூக்கில். அன்று பேருந்தில் நான் வைத்திருந்த அதே மாதிரி, நான்கு விரல்களால் அழுத்தி. மற்ற கையின் உள்ளங்கை சுவரின்மேல், மிக மென்மையாக, அதற்கு வலிக்காமல். கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்கிறது, என்னை என்னவாகப் பார்க்கிறது என்று தெரியவில்லை. அவள் தோள் இறுகுகிறது, கால் மடங்குகிறது, எழப்போகிறாள். நான் நின்ற இடத்திலேயே, வெயிலில், தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் இப்படித் தரையில் உட்கார்ந்து எந்த மாணவியும் பார்த்ததில்லை. “கால் வலிக்குதும்மா, கொஞ்சம் உக்காந்துக்கறேன்” என்றேன். இந்தக் குரல் எனக்குள் எங்கே இருந்தது? அவள் தோள் மெல்லத் தளர்ந்தது. நான் உட்கார்ந்தபடியே நகர்ந்தேன், ஒரு கை அளவு, மறுபடி ஒரு கை அளவு. பன்னிரண்டு பதினான்கு. சுவர் மூச்சு விடுகிறதா என்று கேட்டேன். விடுகிறது, ஆனால் இன்றைக்குக் கஷ்டப்பட்டு விடுகிறது என்றாள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அந்தத் துணியைச் சற்று நேரம் என்னிடம் கொடுக்கிறாயா என்றேன், கை நீட்டவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கைக்குட்டை மடியில் விழுந்தது. காற்று எங்கள் பக்கம் வீசவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், வேண்டிப் பழக்கமில்லாதவள். கடிகாரத்தில் பன்னிரண்டேகால். முதுகுத்தண்டு முழுவதும் அந்த அடிக்காகக் காத்திருக்கிறது. பன்னிரண்டு பதினாறு. மணி அடிக்கவில்லை. கீழே மூன்று தளங்களிலும் மணிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் அமைதி மேலே ஏறி வருகிறது. கோவிந்தம்மா, என் வாட்ச் தவறு, நீ வேண்டுமட்டும் தாமதமாக அடி.

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நாடி கண்டபடி ஓடுகிறது, நிற்கிறது, எதையோ மறந்துவிட்டதைப் போல ஒரு கணம் நிற்கிறது, பிறகு இரண்டடியைச் சேர்த்து அடிக்கிறது. “நீங்கதான மிஸ் நல்லா இருக்குன்னு சொன்னீங்க” என்றாள், குற்றம் சாட்டாமல், அந்தப் பேருந்து அம்மாளைப் போலவே கோபமே இல்லாமல். ஆமாம், சொன்னேன், அந்தக் கட்டுரைக்கு நான் போட்ட மதிப்பெண் தவறு என்றேன். அவள் புருவம் சுருங்கியது. எல்லாம் கரைந்துபோன அந்த மூளையிலும் அது ஒன்று மட்டும் எட்டியது.

“கொறைக்கப் போறீங்களா மிஸ்?”

இல்லை, குறைக்கமாட்டேன், எழுத்து உன்னுடையது, அதைத் தொட மாட்டேன் என்றேன். உதட்டின் ஓரம் அசைந்தது, சிரிப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில்தான் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து, இன்னும் கொசுவின் ரீங்காரம் அளவுக்கு மெல்லிதாக, அந்த ஓசை எழுந்தது. சைரன். அதை யாமினியிடம் சொல்ல மறந்துவிட்டேன். மணியை நிறுத்தினேன், செருப்பை நிறுத்தினேன், குரலை நிறுத்தினேன், சைரனை மறந்துவிட்டேன். அது பாலத்தைக் கடக்கும், கடைத்தெருவில் திரும்பும், நம் வாசலுக்கு வந்து இந்தச் சுவர்களுக்கு இடையில் முழுத் தொண்டையோடு அலறும். நான்கு நிமிடம், இல்லை, மூன்று. தெபோரா, என்னைப் பார் என்றேன். இப்போது ஒரு பெரிய சத்தம் வரும். அது உன்னைப் பிடிக்க வரவில்லை, உனக்காக வருகிறது. முதலில் சின்னதாகக் கேட்கும், பிறகு பெரிதாகும், மிகப் பெரிதாகும், பிறகு நின்றுவிடும். எனக்குத் தெரியும், உனக்கும் இப்போது தெரியும், தெரிந்த சத்தம் யாரையும் தூக்கிவாரிப் போடாது. எங்கே, நான் சொன்னதைத் திருப்பிச் சொல். முதல்ல சின்னதா, என்றாள். அப்புறம்? அப்புறம் பெருசா. அப்புறம்? அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் என் இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் காதுகளைப் பொத்தினேன். சைரன் பாலத்தின்மேல் ஏறிவிட்டது. கைகளுக்கு நடுவே, அவள் நெற்றிப்பொட்டில், நாடி துடிக்கிறது, விடுகிறது, துடிக்கிறது. நான் எண்ணத் தொடங்குகிறேன்.